கீறல் விழுந்த இடம்

உள்ளூர் வானொலி தொடங்கிய வாரத்திலேயே ஓர் இசைத்தட்டில் கீறல் விழுந்துவிட்டது. அதிலிருந்த படகுப் பாட்டின் நடுவே முள் ஒரு வரியைத் தாண்டிக் குதித்து அடுத்த வரியில் இறங்கும். தினமும் மாலையில் அதே பாட்டு, அதே குதிப்பு. ஊர் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைகள் பாடினார்கள். வெளிநாட்டுக்குக் கிளம்பியவர்கள் பேருந்து நிலையத்தில் மனைவியிடம் பாடினார்கள். மேடைக் கச்சேரிக்காரர்கள்கூட அந்த இடத்தில் தாளத்தைக் கொஞ்சம் தடுக்கவிட்டார்கள். நிலையம் கணினிக்கு மாறியபோது கீறல் இல்லாத பிரதி ஒன்று கிடைத்தது. அறிவிப்பாளர் ஜெசிந்தா அன்று மாலை அதை ஒலிபரப்பினாள். விடுபட்ட வரியில் படகுக்காரன், இனி வரமாட்டேன், விளக்கை அணைத்துவிடு என்றான். பாட்டு முடியுமுன் தொலைபேசி அடித்தது.

“நான் உப்பளத்தெரு ரெக்சலின் பேசுறேம்மா. எங்க வீட்டுக்காரரு கப்பலுக்குப் போறப்ப இந்தப் பாட்டத்தான் பாடிட்டுப் போனாரு. இந்த வரி அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதுக்கா. ஊர்ல யாருக்குமே தெரியாதே.”

“பழையபடியே போடு தாயி.”

பழைய தட்டைக் கணினிக்கு மாறியபோதே குப்பையில் போட்டிருந்தார்கள். மறுநாள் அந்த வரி வந்ததும் ஜெசிந்தா ஒலியை முழுவதும் இறக்கினாள். ஹெட்போனில் படகுக்காரன் பாடி முடிக்கும்வரை ஊர் முழுக்க வானொலிகள் மௌனமாக இருந்தன. பிறகு ஒலியை ஏற்றினாள். தொலைபேசி அடித்தது.

“இப்பவும் அந்த வரி கேக்குதும்மா” என்றாள் ரெக்சலின்.