குட்டிக்கு யார் பேர் வைப்பது?

"அம்மா, குட்டிக்குப் பேர் வைக்க என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுடாதீங்க. என் குட்டு உடைஞ்சிடும்!"

ஆட்டுக் கொட்டகை வாசலில் பண்ணைப் பொறுப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள் டீச்சர்.

மனம் நொந்தவர்கள் ஆடு மேய்த்து, பாத்தி வெட்டி, மெல்ல மெல்லத் தேறும் பண்ணை அது. நோயாளியும் தொண்டரும் ஜோடியாகத்தான் வேலை செய்வார்கள். யார் நோயாளி, யார் தொண்டர் என்று யாரும் கேட்கக் கூடாது. ஆனால், குணமாகி வீட்டுக்குக் கிளம்புகிறவர்தான் புதிதாகப் பிறந்த குட்டிக்குப் பேர் வைக்க வேண்டும். அங்கேதான் வந்தது வம்பு.

"ரெண்டு பேரும் தொண்டு செய்யப் போறோம்னு பொய் சொல்லித்தானே அவரை இங்கே கூட்டிட்டு வந்தேன்! தான்தான் நோயாளின்னு தெரிஞ்சா மனுஷன் நொறுங்கிடுவார். தேறினதெல்லாம் பாழாயிடும்மா."

"இப்ப எப்படி இருக்கார்?"

"ஆளே மாறிட்டார்! என் தங்கச்சி தவறினதிலேர்ந்து சைக்கிள் கடையைத் திறக்கலை. திருடன் வருவான்னு சொல்லி, ராத்திரி பூரா வாசக் கதவுகிட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுல இருக்கிற கத்தியையெல்லாம் ஒளிச்சு வச்சிடுவார். காய் நறுக்கப் பக்கத்து வீட்டுல கத்தி கேட்டு நின்னேன்னா பார்த்துக்கோங்க! இங்கே வந்த பிறகு குறட்டை விடறார்மா, குறட்டை! அதைக் கேட்டாத்தான் எனக்கே தூக்கம் வருது."

"டாக்டரம்மா உங்ககிட்ட பேசினாங்களா?"

"வாரா வாரம் பேசினாங்களே! அவரைப் பத்திக் கேட்பாங்கன்னு போனா, என்னைப் பேச விட்டுட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாங்க. நானும் தங்கச்சி கதையெல்லாம் கொட்டி, அழுது தீர்த்துட்டேன்."

பொறுப்பாளர் சிரித்தார். "கவலைப்படாதீங்க. நான் பார்த்துக்கறேன்."

சற்று நேரத்தில் கொட்டகை நிறைந்துவிட்டது. வைக்கோல் மேல் தள்ளாடி நின்ற குட்டியைப் பொறுப்பாளர் தூக்கினார். டீச்சர் ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள்.

"இந்தக் குட்டிக்கு நம்ம டீச்சர் பேர் வைப்பாங்க!"

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எவ்வளவு அழகாகச் சமாளித்துவிட்டார்! துள்ளிக்கொண்டு போய்க் குட்டியை வாங்கினாள்.

"பிறந்து முழுசா ஒரு நாள்கூட ஆகலை. அதுக்குள்ள எல்லாரையும் என்ன முறை முறைக்குது பாருங்க! இது பேர் இன்ஸ்பெக்டர்."

"எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு இன்ஸ்பெக்டர் இருக்காங்களே!" என்றார் கணவர்.

"வாங்க, வீட்டுக்குப் போய் உங்களை விசாரிச்சுக்கறேன்!"

கொட்டகையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் டீச்சர்தான். சிரித்தபடியே, துணிப்பைகளை எடுத்துவர அறைக்கு ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் கணவர் பொறுப்பாளரிடம் வந்தார்.

"அவளைக் கூப்பிட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சும்மா! எங்கே விஷயத்தைக் கண்டுபிடிச்சிடுவாளோன்னு."

"கண்டுபிடிக்கலை. உங்களைக் காப்பாத்தத்தான் கூப்பிட்டேன்னு நினைச்சுட்டாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தங்கச்சி போன துக்கத்துல தன்னையே ஏதாவது பண்ணிக்குவாளோன்னு விடிய விடிய காவல் உட்கார்ந்தவன்மா நான். உங்ககிட்ட அவ பேரைப் பதிஞ்சுட்டு, எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தப்போ, அவளே வந்து 'வாங்க, தொண்டு செய்யப் போகலாம்'னு கூப்பிட்டா பாருங்க, அன்னைக்குத்தான் எனக்கு மூச்சே வந்தது!"