டீ நேரத்துப் பாக்கெட்

“இன்னிக்கும் தள்ளிடுச்சா, காலேஜு?” என்று டீ ரூமில் சிரித்தார் சூப்பர்வைசர்.

பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிக்கிறவளுக்கு அங்கே ‘காலேஜு’ என்றுதான் பெயர். பாக்கெட்டுக்குள் உலோகம் கலந்திருந்தால் கண்டுபிடித்துத் தள்ளும் மெஷின், தினமும் டீ நேரமானால் காரணமில்லாமல் ஒரே ஒரு பாக்கெட்டை வெளியே தள்ளும். அதைச் சரிசெய்வதுதான் அவளுடைய கடைசி வருடப் பிராஜெக்ட். பாக்கெட்டில் உலோகம் இருக்காது. உறையும் பிரிந்திருக்காது. ஆனால் முதல் பிஸ்கட்டின் ஓரம் மட்டும் கடிபட்டிருக்கும்.

போன வருடம் இறந்துபோன அவளுடைய சித்தி இதே லைனில்தான் பேக்கிங் செய்தாள். வீட்டுக்குக் கொண்டுவரும் பிஸ்கட்டை ஓரம் கடித்துப் பார்த்து, “நல்லா வெந்திருக்கு, தின்னுடி கண்ணு” என்றுதான் நீட்டுவாள்.

“நாளைக்குள்ள சரிபண்ணலேன்னா பெயிலு, தெரியும்ல?” என்றார் சூப்பர்வைசர்.

“தெரியும் சார். ஒரு ஸ்க்ரூவை முடுக்கினா போதும்.”

ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுவிட்டு, இன்று தள்ளப்பட்ட பாக்கெட்டைப் பிரித்து, ஓரம் கடிபட்ட பிஸ்கட்டின் மீதியை வாயில் போட்டாள். இன்னும் சூடாக இருந்தது.

நீங்களே சொல்லுங்க, நீங்களா இருந்தா முடுக்குவீங்களா?