பெண்டவர்

“யாரைக் கேட்டும்மா ஆண்டவரைப் பெண்டவர் ஆக்கினே?”

பாஸ்டர் அச்சகத்துக்குள் நுழைந்த வேகத்தில் மேசைமேல் இருந்த தாள்கள் பறந்தன. டைப்பிங் அக்காவுக்கு முன்னால் ஒரு சின்னப் புத்தகத்தைப் பொத்தென்று போட்டார். ‘பெண்கள் முகாம் கையேடு’. போன வாரம் அக்கா பக்கம் கட்டிக் கொடுத்து, முதலாளி ஐந்நூறு பிரதி அச்சடித்தது.

“முதல் வரியை வாசி. சத்தமா!”

“‘பெண்டவருக்குள் அன்பானவர்களே...’” அக்காவின் குரல் இறங்கியது. “நீங்க அனுப்பினதே இப்படித்தான் இருந்துச்சு பாஸ்டர்.”

“பார்த்துட்டுமா சும்மா இருந்தே?”

“ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாதுன்னு சொன்னீங்களே. ஏதோ புது வெளிப்பாடு கிடைச்சிருக்குன்னு நெனச்சேன்.”

“வெளிப்பாடா!” பாஸ்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “பெண்ணிய இறையியல் ஆபத்துன்னு மூணு வாரமா தொண்டை கிழியப் பேசறேன். நம்ம சபைப் பெண்களை அதுலேருந்து காப்பாத்தத்தான் இந்த முகாமே. நீ என்னடான்னா, என் பேரைப் போட்டே அதைப் பரப்பிட்டே!”

சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். கையேட்டைப் புரட்டினார்.

“‘வருகிற பெண்டு முழுவதும் பெண்டவர் உங்களோடிருப்பாராக.’ இதென்னய்யா பெண்டு?”

“ஆண்டுங்க! அதையும் விட்டு வைக்கலை!” பாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். “பதினோராம் பக்கத்தைப் பாருங்க. ‘பெண்தான் குடும்பத்துக்குத் தலை. பெண் பேசும்போது வீட்டிலுள்ள அனைவரும் அமைதலாய்க் கேட்கக்கடவர்கள்.’ நேத்து ஆராதனை முடிஞ்சு எல்லாருக்கும் கொடுத்தாச்சு. நம்ம சபை மூப்பர் இன்னிக்குக் காலையிலேருந்து பாத்திரம் தேய்க்கிறார். ஏன்னு கேட்டா, அவர் வீட்டம்மா என் கையெழுத்தைக் காட்டறாங்களாம்!”

முதலாளி கையேட்டைச் சட்டென்று மூடினார். “இது என் வீட்டுக்குப் போச்சுன்னா எனக்குப் பெண்டு நிமிர்ந்துடும்.”

“எனக்கு இவ மேல அப்பவே சந்தேகம்,” என்றார் பாஸ்டர். “வேதபாட வகுப்புல எழுந்திரிச்சு, ‘ஆண்டவர் தம்மைக் கோழியோடதானே ஒப்பிட்டார், சேவலோட இல்லையே’ன்னு கேட்டவதானே இவ!”

“அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே பாஸ்டர்,” என்றாள் அக்கா.

“பாத்தீங்களா, பாத்தீங்களா!”

முதலாளி தொண்டையைக் கனைத்தார். “அக்கா, பன்னெண்டு வருஷமா இங்க இருக்கே. உன் மேல ஒரு குறை சொன்னதில்லை. ஆனா சாமி விஷயத்துல விளையாடலாமா? நாளையிலேருந்து நீ வர வேண்டாம்.”

அக்காவுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. பன்னிரண்டு வருடத்தில் ஒரு ஒற்றுப்பிழைகூட அவள் கையைத் தாண்டிப் போனதில்லை. இப்போது கடவுளுக்கே பிழை செய்தவள் என்கிறார்கள்.

“சரி, போறேன். ஆனா ஒண்ணு. பாஸ்டர் எழுதின மூலத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்.”

“தாராளமா பாரு!” பாஸ்டர் பையிலிருந்து லேப்டாப்பை உருவித் திறந்து, கோப்பை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். “மூணு நாள் உபவாசமிருந்து, நம்ம சகோதரிகளுக்காகவே கண்ணீரோட புதுசா எழுதின செய்திம்மா இது. இதுல ஒரே ஒரு இடத்துல ‘பெண்டவர்’னு இருந்தாலும் நான் ஊழியத்தை விட்டுடறேன். தேடு!”

முதலாளியும் குனிந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேடுவதற்கான பொத்தானை அழுத்தினாள்.

சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. பாஸ்டர் கடைசியாக அதில் அடித்தது அழியாமல் அப்படியே இருந்தது.

‘தேட வேண்டியது: ஆண். அதற்குப் பதில்: பெண். எல்லா இடத்திலும் மாற்று.’

திரையின் உச்சியில் கோப்பின் பெயர்: ‘ஆண்கள் முகாம், போன வருஷம்’.