சும்மா இருந்தவள்

“எங்கே, இன்னொரு தடவை சொல்லு” என்றேன், விசாரணை ஆபீஸ் மாடிப்படித் திருப்பத்தில்.

“தையல் வேலை பார்த்துக்கிட்டு இருந்தேங்க ஐயா” என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

நோய் அவளுக்குத்தான். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலில் குடியேறிவிட்டது, காலி பண்ண மாட்டேன் என்கிறது. தூசி என்னவோ நான் வேலை பார்த்த கூரை ஷீட் கம்பெனியுடையது. ஆனால் நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

தையல் மிஷினை நாலு மிதி மிதித்தாலே அவளுக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. நின்றுபோன வருமானத்துக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தால், மோட்டார் வைத்த மிஷின் வாங்கி மறுபடி தைக்க உட்கார்ந்துவிடுவாள். அதற்குத்தான் இன்று விசாரணை.

எங்கள் வக்கீல் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லியிருந்தார். ‘சும்மா’ என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது.

அவர் பயந்ததில் தப்பில்லை. யார் கேட்டாலும் “வீட்டுல சும்மாதான் இருக்கேன்” என்பாள். டாக்டரிடம் சொன்னாள், பேங்க்கில் சொன்னாள். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த பெண்ணிடம், கழுத்தில் இஞ்சி டேப் தொங்க, மடியில் யாருடைய பேண்ட்டோ கிடக்க, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே அதைத்தான் சொன்னாள். அந்தப் பெண்ணும் சிரிக்காமல் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

எங்கள் தெருவில் பாதிப் பேருடைய பேண்ட் தரையைப் பெருக்காமல் இருப்பது இவள் புண்ணியம். ஜிப் மாற்றுவது, காஜா எடுப்பது, கிழிந்த பைக்கு ஒட்டுப்போடுவது, எல்லாம் இவள்தான். எனக்குச் சம்பளம் இழுபறியான மாதங்களில் அடுப்பு எரிந்ததும் அந்தக் காசில்தான். கேட்டால் சும்மாவாம்!

விசாரணை அறையில் அதிகாரி நடுவில் இருந்தார். மூலையில் டைப் அடிக்கிறவர். எதிரே கம்பெனி வக்கீல்.

முதலில் இவளைக் கேட்டார்கள். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து கம்பெனி வக்கீல் என் பக்கம் திரும்பினார். பார்த்தால் நல்ல மனுஷன் மாதிரிதான் சிரித்தார்.

“நீங்க ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற நேரத்துல வீட்டுல இவங்க என்ன செஞ்சுக்கிட்டு இருப்பாங்க?”

“அவளா? பின்வாசல்ல சும்மாதான் நிப்பா” என்றேன்.

சத்தியமாக நான் யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது. மூலையில் டக டகவென்று சத்தம் கேட்டது. எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். இவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்றைக்கு நல்ல பூசை இருக்கிறது என்று புரிந்துவிட்டது.

கம்பெனி வக்கீலுக்கு வாயெல்லாம் பல்.

“கேட்டீங்களா சார்? சும்மா இருந்தவங்களுக்கு ஏது வருமானம்? அது போகட்டும், எங்க கம்பெனி கேட்டைக்கூட மிதிக்காதவங்க இவங்க. வீட்டுல சும்மா நின்னவங்க நெஞ்சுக்குள்ள எங்க தூசி எப்படிப் போச்சு?”

இவள் எழுந்தாள். மூச்சைக் கூட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார்.

“சும்மா நின்னிருந்தா போயிருக்காதுங்க ஐயா. இவர் வரும்போது உடம்பு பூரா மாவு மாதிரி தூசி. அதுக்காகவே தையலைப் பாதியில வெச்சுட்டுப் பின்வாசல்ல நிப்பேன். அங்கயே சட்டையக் கழட்டச் சொல்லுவேன். ‘தூசி, தள்ளிப் போங்க’ன்னு இவரை விரட்டிட்டு, நான்தான் ஒவ்வொண்ணா உதறித் துவைப்பேன். பாதியில விட்டுட்டு வந்த தையலை விட எனக்கு அதுதான் பெரிய வேலை.”



கம்பெனியில் எனக்கு மூக்கில் மாட்டிக்கொள்ள மாஸ்க் கொடுத்தார்கள். இவளுக்கு யார் கொடுத்தார்கள்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருமுகிற மாதிரி சமாளித்தேன். அதிகாரி பதறிப்போய்த் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

பிறகு மூலையைப் பார்த்துச் சொன்னார்: “அந்த ‘சும்மா’வ அடிச்சிடுங்க.”

“அப்பவே அடிச்சாச்சு சார்.”

“ஐயோ, கோடு போட்டு அடிங்கய்யா! தையல் வருமானம் நின்னதுக்கு நஷ்டஈடு உண்டுன்னு கீழ எழுதுங்க.”

முதலில் சிரித்தது இவள்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

படி இறங்கும்போது ஆரம்பித்தாள். “ஊர்லேர்ந்து எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்துட்டு…” மூச்சு வாங்கியதால் பாதித் திட்டு திருப்பத்திலேயே நின்றுவிட்டது. மீதிக்காக நானும் நின்றேன்.

கீழே ஒரு பெண் படியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். குபுக்கென்று தூசி கிளம்பியது.

இவள் சட்டென்று எனக்கு முன்னால் வந்து, கைக்குட்டையால் என் மூக்கைப் பொத்தினாள். இன்னொரு கையால் என் நெஞ்சைத் தள்ளினாள்.

“தூசி, தள்ளிப் போங்க.”

நான் அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் போனேன். அவள் என்னை இழுத்துவிட்டு முன்னால் வந்தாள். மறுபடி நான். மறுபடி அவள். படியோ குறுகல்.

பெருக்குகிற பெண் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யாராவது ஒருத்தர் நகருங்களேன்! நான் என்ன சும்மாவா நிக்கிறேன்?”