பொட்டு வைக்கிற கை

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மூடிக்கொண்டாள்.

குளித்த ஈரம் இன்னும் முடியில் இருந்தது. காலை வெயில் ஜன்னல் வழியே வந்து மேசைமேல் சோம்பலாகப் படுத்திருந்தது.

அந்த வெயிலில் ஒரு கை.

ஒட்டுப்பலகையை அறுத்து அவரே செய்த கை. மூட்டுக்கு மூட்டு தீப்பெட்டி அளவில் மோட்டார். விரல் இருக்கவேண்டிய இடத்தில் ரப்பர் வைத்த பென்சில்.

ரப்பர் நுனியில் குங்குமம்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்தான் வைத்துவிடுவார். வைத்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். போன ஆடியில் வலது கையில் நடுக்கம் வந்தது. ஒருநாள் குங்குமம் அவள் கண்ணில் விழுந்தது.

மறுநாளிலிருந்து, அவள் கண்ணாடி முன் நிற்கிற நேரம் பார்த்து அவர் பால் வாங்கக் கிளம்பிவிடுவார்.

பால் வீட்டுக்கே வருகிறது.

அப்புறம்தான் இந்தக் கிறுக்கு பிடித்தது. நடுங்குகிற கையோடு கம்பிகளைப் பற்றவைத்து, விரலெல்லாம் சூடு.

ஒத்திகை ஃபிரிட்ஜில் நடந்தது. ஆயுத பூஜை முடிந்து துடைக்காமல் விட்ட மாதிரி கதவெல்லாம் பொட்டு. ஒன்றுகூடப் பிசகவில்லை.

இன்று நிஜ நெற்றி.

இடது கையால் குமிழைத் திருகினார். தும்பி பறக்கிற சத்தத்தோடு பலகைக் கை எழுந்தது.

சத்தம் நெருங்கியதும் அவள் தன்னையறியாமல் பின்னால் சாய்ந்தாள்.

அவர் இன்னும் திருகினார். கை நீண்டது. மேலும் நீண்டது. எட்டாத நெற்றியை எட்டப் பார்த்து, வெலவெலவென்று நடுங்க ஆரம்பித்தது.

அவர் முகம் செத்துவிட்டது.

அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

“ஏனுங்க, இதுக்குமா நடுங்குது?”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. மோட்டாரை நிறுத்தப் போனார்.

அதற்குள் அவள் முன்னால் வந்து, நெற்றியை அந்த நுனியில் கொண்டுபோய் வைத்தாள்.

நடுக்கம் நின்றது.

இருவரும் அசையவில்லை. உதிர்ந்த குங்குமத் தூள் வெயிலில் மிதந்து மிதந்து இறங்கியது. வெளியே யாரோ கீரை விற்றுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் வேறு ஏதோ ஊரில் கேட்டது.

எவ்வளவு நேரமோ.

நெற்றி ஆயிற்று. வகிடு பாக்கி.

பலகைக் கையை அவள் ஓரமாகத் தள்ளினாள். குங்குமச் சிமிழை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் வலது கையை மடியில் ஒளித்துக்கொண்டார். பயந்துபோயிருந்தார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

சிமிழ் மூடி உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

நடுங்கி நடுங்கி ஒரு விரல் வந்து சேர்ந்தது.

அவள் தலையை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கொடுத்தாள்.