வாத்தியாருக்கு விழுந்த அடி

“சார், உண்மையைச் சொல்லுங்க. வீட்டுல அடிச்சாங்களா?”

லிஃப்டுக்குள் மூன்றாம் மாடி அக்கா இப்படிக் கேட்டதும் கணக்கு வாத்தியார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு கண்ணுக்குக் கீழேயும் கத்திரிக்காய் நிறத்தில் வீக்கம். கன்னம் இரண்டும் பன் மாதிரி.

“சேச்சே... பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேங்க.”

“ரெண்டு கண்ணும் சேர்ந்தா வழுக்குச்சு?”

அக்கா பரிதாபமாக உச்சுக்கொட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

விஷயமே வேறு. போன வாரம் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து, “உட்காருங்க தாத்தா” என்று இடம் கொடுத்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டியும் தாண்டாத மனுஷனுக்கு அது ஒன்று போதாதா? மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, கண்ணுக்குக் கீழே விழுந்த பள்ளத்தை நிரப்ப ஃபில்லர் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

“கொஞ்சம் வீங்கும், கறுக்கும். தானா வடிஞ்சிடும். அதுவரைக்கும் முகத்தை அழுத்தாதீங்க, குப்புறப் படுக்காதீங்க, வாய்விட்டுச் சிரிக்காதீங்க” என்றார் தோல் டாக்டர். சிரிக்கிற நிலைமையிலா இருந்தார் வாத்தியார்?

ஊரிலிருந்து வந்த மனைவியிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. மறுநாளும் துணியில் ஐஸைச் சுற்றி மெதுவாக ஒற்றிக்கொண்டே பொரிந்து தள்ளினாள்.

“இந்த வயசுல யாரை மயக்க இந்த வேஷம்? ஞாயித்துக்கிழமை எனக்குத் தேர்தல், ஞாபகம் இருக்கா?”

இல்லாமல் என்ன? குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவிக்கு அவள் நிற்கிறாள். எதிரே இப்போது பதவியில் இருக்கும் ரிட்டயர்டு என்ஜினியர். அவரிடம் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றவள். இந்தத் தடவையும் தோற்றால் வீட்டையே காலி பண்ணிவிடுவேன் என்று சபதம் போட்டிருந்தாள்.

“நான்தான் உங்களை அடிச்சேன்னு பில்டிங்கே பேசுது.”

வாத்தியார் கூனிக் குறுகினார். “என்னால உனக்குக் கெட்ட பேரு. ஸ்கூல் பசங்க காதுக்குப் போனா கிளாஸ் எடுத்த மாதிரிதான். பரவாயில்லை, எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன்.”

“ஐயையோ, வேண்டாங்க!” அவள் பதறினாள். “உங்க மானம் வேற, என் மானம் வேறயா? பழி என் தலையிலேயே இருந்துட்டுப் போகட்டும்.”

அழக்கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. வாத்தியார் அழுதார்.

அதன்பின் என்ஜினியருக்கு ஒரே கொண்டாட்டம். “கட்டின புருஷன் மேலயே கை நீட்டுறவ கையில சங்கத்தைக் கொடுக்கலாமா?” என்று மாடி மாடியாக ஏறி இறங்கினார். எதிர்வீட்டு டைலர் வாத்தியாரை ஓரமாகக் கூப்பிட்டு, “தாங்க முடியலைன்னா நம்ம வீட்டுல வந்து படுத்துக்குங்க சார்” என்று சாவியையே நீட்டினார். வாத்தியார் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டார். மனைவி முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசியது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு எண்ணினார்கள். என்ஜினியருக்கு அவர் வீட்டு ஓட்டுகூட முழுசாக விழவில்லை. மனைவிக்குக் கழுத்து கொள்ளாத மாலை!

வாத்தியார் நேரே கேட்டுக்குப் போய் வாட்ச்மேனைப் பிடித்தார்.

“எப்படிய்யா இது? இவ்வளவு கெட்ட பேருக்கு அப்புறமுமா?”

“எது சார் கெட்ட பேரு? என்ஜினியர் சார் தன்மையாப் பேசிப் பேசியே, லிஃப்ட் ரிப்பேர்காரன், தண்ணி மோட்டார்காரன் ஒருத்தனும் எட்டிப் பார்க்கலை. ‘வீட்டுக்காரரையே இந்தப் போடு போடறவங்க, அவனுங்களைச் சும்மா விடுவாங்களா’ன்னுதான் அத்தனை பேரும் குத்திட்டாங்க!”

வாத்தியார் மாடியிலிருந்த தன் வீட்டை நிமிர்ந்து பார்த்தார். “இருந்தாலும் பாவம்யா அவ. செய்யாத தப்பைச் சுமந்துக்கிட்டு எனக்காக வாயே திறக்கலை.”

“வாயே திறக்கலையா? நல்லாச் சொன்னீங்க சார்!” வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். “ஊர்லேர்ந்து வந்து உங்க முகத்தைப் பார்த்த அன்னிக்கே வீடு வீடாப் போய் அவங்கதானே சொன்னாங்க, ‘மோட்டார் ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிடுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன், கேக்கலை... வச்சேன் ரெண்டு’ன்னு!”