சொல்லின் வால்

பாதிரியார் வோல்ஃப்கர் தோல் பத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, மூன்றாம் முறையாக எல்லைகளைப் படித்தார்.

கிழக்கே மோசல் ஆறு. மேற்கே பாறை. நடுவே நூற்றிருபது வரிசைத் திராட்சைக் கொடி.

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவரை உறுத்தியது.

ஆயரின் தம்பி மகனுக்காகத் தோட்டத்தை எழுதி வாங்கக் கன்னியர் மடத்துக்கு வந்திருந்தார். மடத்து மாவு ஆலையைப் பத்தொன்பது நாள் பூட்டி வைத்த பிறகுதான் மடத்தலைவி ஹாத்விக் இறங்கி வந்தார். பசியோடு இறங்கி வந்தவர்கள் இத்தனை பணிவாகவா எழுதிக் கொடுப்பார்கள்?

மையை முகர்ந்தார். நகத்தால் சுரண்டினார். அழியவில்லை.

பூசை லத்தீன் அவருக்கு மனப்பாடம். மற்ற லத்தீனை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

“நீயே படி” என்றார், பத்திரம் எழுதிய இளம் கன்னி ரிக்கென்சாவிடம்.

அவள் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். எவராலும் கட்டாயப்படுத்தப்படாமல், மனமுவந்து, மடத்தலைவி கொடுக்கிறார். சுவரோரம் நின்ற கன்னியர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அவர் சட்டென்று விரல் வைத்தார். ‘கட்டாயப்படுத்தப்படாமல்’ என்ற சொல்லின் கடைசியில் சின்னதாக ஒரு கொக்கி.

“ஏம்மா, இதென்ன வாலு?”

“சொல்லோட கடைசி எழுத்துக்குப் பதிலா போடுற சுருக்கக் குறி சாமி. தோல் விக்கிற விலைக்கு எல்லாரும் அப்படித்தானே எழுதுறாங்க. உங்க பூசைப் புத்தகத்துலயும் இருக்குமே.”

இருந்தது. பக்கத்துக்குப் பத்து இருக்கும். அவர் விரலை எடுத்தார்.

மடத்தலைவி பேனாவை வாங்கினார். அதே சொல்லில் அவர் கண் ஒரு கணம் நின்றதோ? வோல்ஃப்கர் அவர் முகத்தையே பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சிலுவைக் குறி விழுந்தது, அரக்கு முத்திரையும் விழுந்தது.

இரண்டு வருஷம் கழித்து, தோட்டத்தைத் திரும்பக் கேட்டு மடம் பேரரசரின் அவைக்குப் போனது. நீதிபதி பத்திரத்தைப் படித்துக்கொண்டே வந்தவர், அந்தக் கொக்கியில் நின்றார்.

“லத்தீன்ல இந்தக் குறி ஆண்பால் விகுதி ஆச்சே. கொடுத்தது பொம்பளை. ‘கட்டாயப்படுத்தப்படாதவன்’னு எழுதியிருக்கு. அந்த அம்மா சம்மதிச்சதா இதுல எங்க இருக்கு?”

ஆயர் தரப்பில் வந்திருந்த வோல்ஃப்கர் எட்டி அந்தக் கொக்கியைப் பார்த்தார்.

“யாருய்யா இந்த ஆம்பளை?” என்றார் நீதிபதி.

பத்திரம் எழுதிய அன்று மடத்து அறையில் பதினான்கு பேர் இருந்தார்கள். வோல்ஃப்கரைத் தவிர எல்லோரும் பெண்கள்.